டெக்சஸில் ஊருக்கு வெளியே வீடு கட்டுகிறீர்களா? செப்டிக் பற்றி விரிவான பதில்

கேள்வி இதுதான்: டாலஸுக்குக் கிழக்கே, நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் எட்டாத ஒரு கிராமப்புறக் கவுன்ட்டியில் 2 ஏக்கர் மனை வாங்கப் போகிறோம். நான்கு படுக்கையறை வீடு, சொந்த போர்வெல். "செப்டிக் போட்டுக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை" என்கிறார் பில்டர். எந்த வகை போடுவது? எப்படிப் பராமரிப்பது? நாற்றம் வருமா? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கினால் தாங்குமா?

மனைக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பில்டர் தொட்டியை மனத்தில் வைத்துப் பேசுகிறார். தொட்டி எங்கும் கிடைக்கும், எந்த மனையிலும் புதைத்துவிடலாம். கழிவுநீரைச் சுத்தம் செய்கிற வேலையில் பெரும்பங்கு மண்ணுடையது. அந்த 2 ஏக்கரில் இருப்பது என்ன மண் என்று தெரியாதவரை எந்த வகை, எவ்வளவு செலவு, வீட்டை எந்த மூலையில் வைப்பது என்று எதையும் முடிவு செய்ய முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகு மண்ணைப் பார்த்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். மண் சொன்ன இடத்துக்கு வீட்டுப் படத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

நம்மில் பலர் மனத்தில் இருப்பது ஊர் செப்டிக் டேங்க். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் அதற்குள் போகும், குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்கோ வாய்க்காலுக்கோ போய்விடும், நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவோம். இங்கே கழிப்பறை, ஷவர், சமையல் சிங்க், வாஷிங் மெஷின் எல்லாமே ஒரே குழாயில் தொட்டிக்கு வருகின்றன. தொட்டி எப்போதும் நிரம்பியேதான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். ஒரு கேலன் உள்ளே வந்தால் அந்த நடு நீரில் ஒரு கேலன் மறுபக்கம் வெளியேறும். வெளியேறும் நீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமிகள் நிறைந்தது. அது துளையிட்ட குழாய்கள் வழியாக மண்ணுக்குள் பரவி, மண்ணில் இருக்கும் காற்றும் நுண்ணுயிர்களும் அதைச் சுத்தம் செய்த பிறகுதான் நிலத்தடிக்குப் போகும். அந்தக் குழாய்கள் கிடக்கும் இடத்தை இங்கே ட்ரெய்ன் ஃபீல்டு என்பார்கள். தொட்டி கெட்டால் மாற்றிவிடலாம். ட்ரெய்ன் ஃபீல்டு மண் அடைத்துப் போனால் அந்த இடமே கைவிட்டுப் போகும்.

இப்போது உங்கள் மனைக்கு வருவோம். டாலஸுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் காலின், காஃப்மன், எல்லிஸ், ஹன்ட் கவுன்ட்டிகளின் பெரும்பகுதி பிளாக்லேண்ட் பிரெய்ரி என்ற கருமண் பூமி. அங்கே பரவலாக இருக்கும் ஹூஸ்டன் பிளாக் என்ற மண், டெக்சஸின் மாநில மண். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் கரிசலும் இதுவும் மண்ணியலில் ஒரே வகுப்பு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் உப்பி மூடிக்கொள்ளும். உப்பிய பிறகு தண்ணீரை உள்ளே விடாது. பருத்திக்கு அருமையான மண், ட்ரெய்ன் ஃபீல்டுக்கு ஆகாது. ஃபோர்ட் வொர்த்தைத் தாண்டி மேற்கே போனால் மணல் கலந்த மண் கிடைக்கிற இடங்கள் உண்டு. உங்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

இதை உறுதி செய்ய இரண்டு படிகள். முதலாவது இலவசம். அமெரிக்க வேளாண் துறையின் வெப் சாயில் சர்வே என்ற இணையதளத்தில் உங்கள் மனையின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டினால் அங்கே என்ன மண், எவ்வளவு ஆழம் என்று சொல்லும். செப்டிக் உறிஞ்சு நிலமாக அது பொருந்துமா என்பதற்குத் தனி மதிப்பீடே இருக்கிறது. கருமண் பகுதிகளில் பெரும்பாலும் மிகக் குறைந்த மதிப்பீடுதான் வரும். ஆனாலும் அது வரைபடம்தான், உங்கள் மனையின் எல்லா மூலையையும் தோண்டிப் பார்த்து எழுதியதில்லை. அதனால் இரண்டாவது படி: உரிமம் பெற்ற சைட் இவாலுவேட்டரை அழைத்து மண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் போட உத்தேசித்திருக்கும் பகுதியின் எதிரெதிர் ஓரங்களில் குறைந்தது இரண்டு இடங்களில் துளையிட்டோ ஜேசிபி மாதிரி இயந்திரத்தால் குழி எடுத்தோ பார்ப்பார். குழியில் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கும் பழைய முறையை டெக்சஸ் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மண்ணின் நயம், அடுக்கு, பாறை அல்லது இறுகிய களிமண் எந்த ஆழத்தில் வருகிறது, பருவத்தில் நீர்மட்டம் ஏறியதற்கான நிறத் திட்டுகள் இருக்கின்றனவா என்பவற்றைத்தான் பார்க்கிறார்கள். மனை ஒப்பந்தத்தில் "மண் பரிசோதனை திருப்தியாக இருந்தால் மட்டுமே" என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். இதை மறுக்கும் விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை வராது.

மண் வகை எண்ணிக்கையில் என்ன செய்கிறது என்று ஒரு கணக்கு. டெக்சஸ் சுற்றுச்சூழல் தர ஆணையத்தின் 285ஆம் அத்தியாயம்தான் மாநிலம் முழுக்க இதற்கான விதி. பெரும்பாலான இடங்களில் அதை நடைமுறைப்படுத்துவது கவுன்ட்டி. அந்த விதிப்படி நான்கு படுக்கையறை, 3,500 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு, தண்ணீர் சேமிக்கும் சாதனங்கள் பொருத்தியிருந்தால், நாளொன்றுக்கு 300 கேலன் கழிவுநீர் என்று வைத்துக்கொள்கிறார்கள். மணற்பாங்கான மண்ணின் ஒரு சதுர அடி ஒரு நாளில் 0.38 கேலன் வாங்கும். எனவே உறிஞ்சு பரப்பு சுமார் 790 சதுர அடி போதும். களி கலந்த மூன்றாம் வகுப்பு மண் 0.20 கேலன்தான் வாங்கும், அதற்கு 1,500 சதுர அடி வேண்டும். உங்கள் கருமண் நான்காம் வகுப்பு. அதன் கணக்கு 0.10. அதோடு விடுவதில்லை, அந்த மண்ணில் சாதாரண ட்ரெய்ன் ஃபீல்டுக்கே அனுமதி கிடையாது.

அதனால்தான் உங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஏரோபிக் இருக்கிறது. மண் செய்ய முடியாத வேலையை இயந்திரம் செய்யும் முறை அது. முதலில் குப்பை தங்கும் தொட்டி. அடுத்தது காற்றூட்டும் அறை: சிறிய கம்ப்ரஸர் ஒன்று நாள் முழுவதும் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றில் வளரும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்றுவிடும். பிறகு தெளியும் அறை, குளோரின், பம்ப் தொட்டி. அங்கிருந்து ஸ்ப்ரிங்க்ளர் மூலம் புல்வெளியில் தெளிப்பார்கள். தெளிக்கிறார்கள் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சரியாக இயங்கும் ஏரோபிக்கில் இருந்து வரும் நீர் நிறமில்லாமல், லேசான மண்வாசனையோடு இருக்கும். நாற்றம் வருமா என்று கேட்டீர்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள், அநேகமாகக் கம்ப்ரஸர் நின்றிருக்கும். புதிய வீட்டில் முதல் சில வாரங்கள் நுண்ணுயிர்கள் பெருகும்வரை லேசான வாடை இருக்கலாம். அதைத் தாண்டி நாற்றம் நிலைத்திருந்தால் ஏதோ கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், பழகிக்கொள்ளாதீர்கள்.

தெளிப்பதற்குப் பதிலாகச் சொட்டுநீர் முறையும் உண்டு. அதே சுத்திகரிப்புதான். ஆனால் நீர் புல்லுக்கடியில் சில அங்குல ஆழத்தில் கிடக்கும் சொட்டுக் குழாய்களில் கசியும். குளோரின் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, காற்றில் திவலை பறக்காது, குழந்தைகள் ஓடியாடலாம். செலவு அதிகம், வடிகட்டியை ஒழுங்காகக் கழுவாவிட்டால் குழாய் அடைக்கும். சின்னக் குழந்தைகள் இருந்து, கையில் பணமும் இருந்தால் நான் சொட்டுநீரைத்தான் சொல்வேன். 2 ஏக்கரில் தெளிப்புப் பரப்பை வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க இடம் இருப்பதால் ஸ்ப்ரிங்க்ளரும் மோசமான தேர்வில்லை. எந்த முறையானாலும் வீட்டுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு யூனிட்டுகளுக்கான என்எஸ்எஃப் 40 தரச்சான்று பெற்றதா என்று பாருங்கள். தெளிப்பு முறைக்குச் சில ஆயிரம் சதுர அடி புல்வெளி ஒதுக்க வேண்டிவரும். அந்தப் பரப்பில் மனிதர் சாப்பிடும் எதையும் விளைவிக்கக் கூடாது என்பது விதி. நம் வீடுகளில் முருங்கை, கறிவேப்பிலை, புடலை எல்லாம் முதல் வருடமே நட்டுவிடுவோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: தோட்டத்தின் இடத்தை முதலிலேயே வேறு பக்கம் குறித்துவிடுங்கள்.

இட ஒதுக்கீடுதான் அடுத்த பெரிய விஷயம். உங்கள் போர்வெல்லுக்கும் தொட்டிக்கும் குறைந்தது 50 அடி, போர்வெல்லுக்கும் ட்ரெய்ன் ஃபீல்டு அல்லது தெளிப்புப் பரப்புக்கும் 100 அடி இருக்க வேண்டும். பக்கத்து மனைக்காரரின் கிணற்றுக்கும் இதே தூரம்தான், அவருடைய கிணறு எங்கே இருக்கிறது என்று இப்போதே போய்க் கேளுங்கள். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து தொட்டி 5 அடி தள்ளி இருக்க வேண்டும். தெளிப்புப் பரப்பு மனை எல்லையிலிருந்து 20 அடி. அது முடியாமல் 10 அடிவரை நெருங்கினால் டைமர் வைத்து நள்ளிரவுக்கும் விடியற்காலை 5 மணிக்கும் இடையில்தான் தெளிக்கலாம். இரண்டு ஏக்கர் என்றதும் கடல் மாதிரி தோன்றும். வெள்ளப் பகுதி, மின்கம்பிப் பாதை, நீளமான டிரைவ்வே, பின்னாளில் வேண்டும் என்று நினைக்கும் நீச்சல் குளம், ஷெட், அப்பா அம்மாவுக்கென ஒரு சிறு வீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள், கடல் சுருங்கிவிடும். எதிர்காலத்தில் ட்ரெய்ன் ஃபீல்டோ தெளிப்பு இடமோ மாற்ற வேண்டிவந்தால் அதற்கும் ஓர் இடம் காலியாக விடுங்கள்.

அனுமதி விஷயம் பயப்படும்படி இல்லை. மண் அறிக்கையை வைத்து வடிவமைப்பு செய்ய வேண்டும். ஏரோபிக்குக்கு உரிமம் பெற்ற பொறியாளரோ பதிவு பெற்ற சானிட்டேரியனோ (பொதுச் சுகாதார வல்லுநர்) கையெழுத்திட வேண்டும். அதைக் கவுன்ட்டியில் கொடுத்தால் கட்டுமான அனுமதி தருவார்கள். உரிமம் பெற்ற இன்ஸ்டாலர் போடுவார், மண்ணை மூடுவதற்கு முன் கவுன்ட்டி ஆய்வாளர் வந்து பார்ப்பார், திருப்தியானால் இயக்க அனுமதி. பராமரிப்பு தேவைப்படும் முறை இந்த மனையில் இருக்கிறது என்று கவுன்ட்டியின் நில ஆவணத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் பதிவாகும். "10 ஏக்கர் இருந்தால் பெர்மிட்டே வேண்டாம்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு விலக்கு மாநில விதியில், சில நிபந்தனைகளோடு, உண்மையில் உண்டு. ஆனால் அதை ஏற்காத கவுன்ட்டிகளும் உண்டு, உங்கள் 2 ஏக்கருக்கு அது பொருந்தவும் செய்யாது. பொருந்தினாலும் பெர்மிட் எடுப்பதே நல்லது. நாளை வீட்டை விற்கும்போது தொட்டி எங்கே, என்ன அளவு என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் நம்பகமான ஆவணம் அதுதான்.

ட்ரெய்ன் ஃபீல்டு கெடுவது பெரும்பாலும் வீட்டில் குடியேறிய பிறகு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் பல இடங்களில் வீடு கட்டி முடிப்பதற்குள்ளேயே கெட்டுவிடுகிறது. கான்கிரீட் லாரி, ஜல்லி லோடு, பொக்லைன் எல்லாம் மனையில் காலியாக இருக்கும் இடத்தில் நிற்கும். அந்தக் காலி இடம்தான் உங்கள் உறிஞ்சு நிலம். ஈரமான களிமண்ணின் மேல் ஒரே ஒரு கனரக வண்டி ஏறி இறங்கினாலும் மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளிகள் நசுங்கிப் போகும், பிறகு அது திரும்பி வராது. தெரிந்த ஒருவர் வீட்டில், அனுமதிப் படத்தில் தெளிவாகக் குறித்திருந்த இடத்திலேயே பில்டரின் ஆட்கள் மாதக்கணக்கில் மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். குடியேறிய முதல் மழைக்காலத்திலேயே அங்கே தண்ணீர் மேலே நின்றது. அதனால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே நீங்களே போய் நான்கு கம்பு நட்டு, பட்டைக் கயிறு கட்டி, "இதற்குள் வண்டி வரக்கூடாது" என்று எழுதி மாட்டுங்கள். பில்டரோடு போடும் ஒப்பந்தத்திலும் இதை ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: களிமண் ஈரமாக இருக்கும்போது தோண்டினால் குழியின் சுவர் வழுவழுவென்று மெழுகினாற்போல் ஆகிவிடும், நீர் இறங்காது. மழைக்கு அடுத்த நாள் "இன்று தோண்ட மாட்டேன், காயட்டும்" என்று சொல்லும் இன்ஸ்டாலர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

மூடுவதற்கு முன் நிறையப் படம் எடுத்து வையுங்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு மூடிக்கும் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்து, அந்த எண்கள் படத்தில் தெரிகிற மாதிரி. வேலி போடுபவர், புல்வெளிக் குழாய் போடுபவர், இணையக் கேபிள் புதைப்பவர் எல்லோருக்கும் அதைக் காட்டிய பிறகே மண்வெட்டி இறங்கட்டும்.

பராமரிப்புக்கு வருவோம். ஏரோபிக் போட்டால் முதல் இரண்டு வருடச் சேவை நிறுவுகிறவரின் பொறுப்பு. அதற்குப் பிறகு பராமரிப்பு ஒப்பந்தம் நீங்கள் எடுக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்து, அறிக்கையைக் கவுன்ட்டிக்கு அனுப்புவார். சில கவுன்ட்டிகள் வீட்டுக்காரரே பயிற்சி எடுத்துக்கொண்டு பராமரிக்க அனுமதிக்கின்றன. முதல் இரண்டு வருடமும் சர்வீஸ் ஆள் வரும்போதெல்லாம் கூடவே நின்று பாருங்கள், கேளுங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. குப்பை தங்கும் தொட்டியை எப்போது காலி செய்வது என்பது சேற்றின் உயரத்தைப் பொறுத்தது. பொதுவாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. சேற்றின் மேல்மட்டம் வெளியேறும் வாய்க்கு 12 அங்குலம்வரை நெருங்கிவிட்டாலோ, மிதக்கும் ஆடையின் அடிமட்டம் அதே வாய்க்கு 6 அங்குலம்வரை நெருங்கிவிட்டாலோ லாரியை அழைக்க வேண்டியதுதான். இதற்குச் சில நூறு டாலர் ஆகும். தள்ளிப்போட்டால் அந்தச் சேறு அடுத்த தொட்டிக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் போய், பல்லாயிரம் டாலர் செலவில் கொண்டுபோய் விடும். பெருமழையில் நிலம் ஊறிக் கிடக்கும்போது தொட்டியைக் காலி செய்யாதீர்கள். காலித் தொட்டியை நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும், பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

குளோரினில் கவனம் வேண்டும். மாத்திரை போடும் வகையானால் கழிவுநீருக்கென்றே விற்கும் கால்சியம் ஹைப்போகுளோரைட் மாத்திரையை மட்டும் வாங்குங்கள். விலை குறைவு என்று நீச்சல் குள மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அது வேறு ரசாயனம், இரண்டும் ஈரத்தில் ஒன்றாகக் கலந்தால் வெடிக்கக்கூடிய வாயு உருவாகலாம். திரவக் குளோரின் வகையில் வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச் ஊற்றினால் போதும்.

சர்வீஸ் ஆள் வராத நாட்களில் நீங்கள் பார்க்க வேண்டியது அதிகமில்லை. கம்ப்ரஸரின் ரீங்காரம் கேட்கிறதா, அலாரம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, கம்ப்ரஸரின் காற்று வடிகட்டியில் தூசி அடைந்திருக்கிறதா, ஸ்ப்ரிங்க்ளர் தலைகள் ஒழுங்காகச் சுழல்கின்றனவா. டெக்சஸுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: நெருப்பெறும்பு. மின்பெட்டிக்குள் குடியேறி இணைப்புகளில் புகுந்து செத்து, அதனால் பம்ப்பே நின்றுபோகும். பெட்டியின் கம்பி நுழையும் துளைகளை அடைத்து, சுற்றிலும் எறும்பு மருந்து போட்டு வையுங்கள். மின்சாரம் போனால் கம்ப்ரஸரும் பம்ப்பும் நின்றுவிடும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மாநிலத்தின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். பம்ப் தொட்டியில் அலாரம் மட்டத்துக்கு மேல் ஒரு நாள் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. உங்கள் வீட்டுக்கு அது சுமார் 100 கேலன். மின்சாரம் இல்லாத நாளில் குளியலையும் துணியையும் நிறுத்தினால் அது ஓரளவு தாங்கும், வழக்கம்போல் புழங்கினால் தாங்காது.

தொட்டி மூடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் யாரும் அதற்குள் இறங்கக் கூடாது, தலையைக்கூட நுழைக்கக் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. ஓரிரு மூச்சில் மயக்கம் வரும், தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவார். நம்மூரில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் இப்படி எத்தனை பேரை இழந்திருக்கிறோம். இங்கே விளையாடும் குழந்தை உடைந்த மூடி வழியாக விழும் அபாயமும் இருக்கிறது. டெக்சஸ் விதிப்படி ரைசர் (தொட்டி வாயிலிருந்து தரைமட்டம்வரை எழும் அகன்ற குழாய்) மூடி கனமானதாகவோ பூட்டியதாகவோ இருக்க வேண்டும், அதற்குக் கீழே இரண்டாவது தடுப்பும் வேண்டும். சர்வீஸ் ஆள் போன பிறகு திருகுகள் எல்லாம் திரும்பப் போடப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே போய்க் குனிந்து பாருங்கள்.

நம் சமையலறைக்கென்று சில வார்த்தைகள். சிங்க்கில் வைக்கும் உணவு அரைப்பானை நான் எந்த செப்டிக் வீட்டுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அரைத்தாலும் அது திடப்பொருள்தான், தொட்டி சீக்கிரம் நிரம்பும். தேங்காய்த் துருவல், புளிச் சக்கை, கறிவேப்பிலை, காபிப் பொடி எல்லாம் நுண்ணுயிர்கள் எளிதில் தின்னாதவை. சிங்க்கில் மெல்லிய சல்லடை வைத்து, பிடித்ததை உரக்குழியில் போடுங்கள். வறுத்த எண்ணெய், நெய் படிந்த பாத்திரங்களை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கிரைண்டர் கழுவும் மாவுத் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் செடிக்கு நல்லவை, தொட்டிக்கு வீண் சுமை. கழிப்பறையில் தண்ணீரால் கழுவும் நம் பழக்கம் இங்கே பெரிய உதவி, காகிதம் குறையும். ஈரத் துடைப்பான்கள் மட்டும் வேண்டவே வேண்டாம், பாக்கெட்டில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும் அவை கரைவதில்லை. சந்தைக்கு வரும் செப்டிக் பொடிகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், வேண்டிய நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து சேரும். வீட்டில் யாராவது கீமோதெரபியோ நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கோ எடுத்தால் சர்வீஸ் ஆளிடம் சொல்லுங்கள், அந்த நுண்ணுயிர்கள் பாதிக்கப்படலாம்.

தண்ணீரைச் சீராகப் பரப்பிவிடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். சனிக்கிழமை ஒரே நாளில் ஏழு லோடு துணி துவைத்தால் தெளியும் அறையில் படிய வேண்டியது கலங்கி வெளியே போகும். தினம் ஒரு லோடு என்று பழகுங்கள். கழிப்பறைத் தொட்டி ஒழுகினால் ஒரு நாளில் 200 கேலன்வரை சத்தமில்லாமல் போகலாம், உங்கள் முறையின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு அது. தொட்டியில் கொஞ்சம் மஞ்சளோ உணவு நிறமியோ கலந்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது. கூரைத் தண்ணீர், ஏசி நீர் எதையும் இதில் இணைக்காதீர்கள். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைப்பதாக இருந்தால் அதன் கழிவை என்ன செய்வது என்று வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். போர்வெல் தண்ணீரில் வருடம் ஒருமுறை கோலிஃபார்ம் கிருமியும் நைட்ரேட்டும் பார்த்துவிடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்த நீரில் பால் கலக்கக் கூடாது. உங்கள் செப்டிக்கோ பக்கத்து வீட்டு செப்டிக்கோ மண்ணைத் தாண்டி நிலத்தடி நீருக்குப் போகிறதா என்பதும் அதில் தெரியவரும்.

இனி அப்பா அம்மா. டெக்சஸ் கணக்கு படுக்கையறை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி ஆட்களாக வைத்து, ஆளுக்கு 60 கேலன் போடுகிறது. நான்கு அறைக்கு ஐந்து பேர், 300 கேலன். நீங்கள் நான்கு பேர் என்றால் சாதாரண நாட்களில் தாராளம். பெற்றோர் வந்தால் ஆறு பேர், அதே கணக்கில் 360 கேலன், ஆறு மாதத்துக்கு. ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் சமாளித்துவிடும், ஆறு மாதம் என்பது விருந்தினர் கணக்கில் வராது. அதனால் வடிவமைப்பாளரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லி, ஐந்து படுக்கையறை அளவுக்கு, அதாவது 360 கேலனுக்கு, வடிவமைக்கச் சொல்லுங்கள். யூனிட் ஒரு படி பெரியதாகும், தெளிப்புப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு, பின்னால் தோண்டிப் பெரிதாக்குவதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அவர்களுக்குத் தனி வீடு கட்டும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கோ சீமந்தத்துக்கோ ஐம்பது அறுபது பேர் வரும் நாளில் துணி துவைப்பதையும் பாத்திர இயந்திரத்தையும் மறுநாளுக்குத் தள்ளிவைத்து, முற்றத்தில் இரண்டு வாடகைக் கழிப்பறை நிறுத்திவிட்டால் போதும்.